இருபத்தெட்டாம் கல்

எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் அறுபது அங்குலத்தோடு முடிந்துவிடும். தையல் டேப்பின் நீளம் அவ்வளவுதான். அதற்கு மேல் சுற்றளவுள்ள ஆள் யாரும் இதுவரை என் கடைக்கு வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ரயில் கணக்கு என்று ஒன்று வரும். ஒரு ஊரிலிருந்து ஒரு ரயில், இன்னொரு ஊரிலிருந்து இன்னொரு ரயில், இரண்டும் எங்கே சந்திக்கும் என்று கேட்பார்கள். சந்தித்தால் எனக்கென்ன, சந்திக்காவிட்டால் எனக்கென்ன என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். அதைப் பெருமையாகவே நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் இந்த நிமிடம் பின்னறையில் உட்கார்ந்து யாருடைய தையல் மெஷினுக்கோ எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். அவர் அங்கே இருப்பதற்குக் காரணம், அந்தக் கணக்கை அப்படியே வெறுமையாக விட்டுவிடாத ஒரு பெண்மணி. அவரைப் பற்றி எழுதத்தான் கத்தரிக்கோலை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் போன் எடுப்பவர் அவர். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். டிரைவர்கள் அவரை ‘எப்ப அக்கா’ என்று கூப்பிடுகிறார்கள். யார் போன் செய்தாலும் முதலில் எங்கே என்று கேட்பார். அடுத்த கேள்வி, “எப்பக் கிளம்பினீங்க?” எனக்கு அவர் அறிமுகமானதே அந்தக் கேள்வியில்தான். அன்றைக்கு நான் பதிலுக்குச் சொன்னதையெல்லாம் நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்று மூன்று மணிக்குச் சட்டை வாங்க வருவதாகச் சொன்னவர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்குத் துணி தயாராக இருந்த அபூர்வமான நாள் அது. அவர் படி இறங்கியதும் பின்னறையில் ஸ்க்ரூடிரைவர் விழுந்த சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் மெஷின் ரிப்பேர் செய்பவர். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் கையிலிருந்து ஒரு கருவி கீழே விழுந்து நான் கேட்டதில்லை. உள்ளே ஓடினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. ஒரு கை நெஞ்சில்.

“ஒண்ணுமில்ல,” என்றார்.

அவருக்கு எது வந்தாலும் ஒண்ணுமில்லைதான். விரலில் ஊசி ஏறியபோதும் ஒண்ணுமில்லை, அவர் அப்பா போனபோது மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தபோதும் ஒண்ணுமில்லை. நான் போனை எடுத்தேன். காலையிலிருந்தே எங்கள் தெருவில் சிக்னல் கிடையாது. எதிர்வீட்டில் இருக்கும் கொழுந்தனைக் கத்திக் கூப்பிட்டேன். பால் கேன் ஏற்றும் பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறார். கேன்களை இறக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பேருமாக அவரைத் தூக்கிப் பின்னால் சாய்த்து உட்கார வைத்தோம்.

கடையைப் பூட்டினேன். பூட்டியதும் என் கை தானாகச் சாக்பீஸை எடுத்துக் கதவில் எழுதியது: ‘3.10க்கு வெளியே. வந்துவிடுவேன்.’ கடை ஆரம்பித்த நாளிலிருந்து உள்ள பழக்கம். டீ குடிக்கப் போனாலும் எழுதிவிட்டுத்தான் போவேன், வாடிக்கையாளர் வந்து ஏமாறக் கூடாது. கொழுந்தனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“அண்ணி, அண்ணன் உயிர் போகுது, நீங்க போர்டு எழுதிட்டு நிக்கறீங்க.”

அவர் சொன்னது நியாயம்தான். ஏறி உட்கார்ந்தேன்.

எங்கள் தெருமுனையில் இருக்கும் கல்லில் அறுபது என்று போட்டிருக்கும். ஆஸ்பத்திரி வாசல்வரை அறுபது கிலோமீட்டர். ஒரே ரோடு, நடுவில் இடுப்புயரச் சுவர். கல் குவாரி மேட்டைத் தாண்டியதும் போனில் சிக்னல் வந்தது. உடனே ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன்.

“ஆம்புலன்ஸ். சொல்லுங்கம்மா.”

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். எந்த ரோடு என்று கேட்டார். சொன்னேன்.

“எப்பக் கிளம்பினீங்க?”

எனக்கு மண்டைக்குள் ஏதோ வெடித்தது. “ஏம்மா, மனுஷன் இங்க நெஞ்சப் புடிச்சுக்கிட்டு கெடக்கறாரு. எப்பக் கிளம்பினோம், எத்தனை பேர் வர்றோம்னு விருந்தாளிய விசாரிக்கற மாதிரி விசாரிக்கறீங்க. உங்க வீட்டுல ஆம்பளைங்க யாரும் கெடயாதா? மொதல்ல வண்டிய அனுப்புங்க.”

“வண்டி கிளம்புதும்மா. எப்பக் கிளம்பினீங்க?”

குரலில் ஒரு நூல்கூட ஏற்றமில்லை, இறக்கமில்லை.

“மூணு பத்து.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“கடைக் கதவுல எழுதிட்டு வந்திருக்கேன், போய்ப் பாத்துக்குங்க.”

அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். பிறகு, “என்ன வேகத்துல வர்றீங்கம்மா?”

ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தன் திரும்பாமலே, “அறுபதுன்னு சொல்லுங்க அண்ணி,” என்றார். அந்த வேன் நாற்பதைத் தாண்டினால் கதவு ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமும் போய்விடுவோம். வேகமுள் செத்துப்போய் நாலு வருடம். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் போனில், “அறுபது,” என்றேன். மெதுவாகப் போகிறோம் என்று சொன்னால் எங்களை மட்டமாக நினைத்து விட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம். பயத்தில் வருகிற பொய்க்குக் காரணம் தேடினால் கிடைக்காது.

“சரிம்மா. அடுத்த கல்லு வந்ததும் அதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க.”

“இதோ, அம்பது.”

மணி மூன்று இருபத்தைந்து. அந்தப் பக்கம் பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. நாலைந்து நொடிதான். எனக்கு அது நாலைந்து வருடம்.

“கேளுங்கம்மா. நிக்காம வாங்க. இருபத்தெட்டாம் கல்லுகிட்ட, நீங்க வர்ற பக்கமே ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு. அதுக்குள்ள வந்துடுங்க. மூணு அம்பத்தெட்டுக்கு வருவீங்க. எங்க வண்டி அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து, திரும்பி, கதவத் தொறந்து நிக்கும். நடுவுல சைரன் சத்தம் கேட்டாலும் நிறுத்தாதீங்க. சட்டை பட்டனக் கழட்டி விடுங்க. படுக்க வைக்காதீங்க, சாஞ்சபடியே இருக்கட்டும். போன வைக்காதீங்க.” பிறகு மெதுவாக, “பதறாத காரியம் சிதறாதும்மா,” என்றார்.

“பழமொழி சொல்ற நேரமா இது?” என்றேன்.

“இல்லதான். நீங்க மூச்சு விடறீங்களான்னு பாத்தேன்.”

அடுத்த முப்பத்து மூன்று நிமிடத்தை நான் எழுதப் போவதில்லை. என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்திருந்தேன், அது சில்லென்று இருந்தது, அவ்வளவு போதும். பங்க்கில் வேன் திரும்பியபோது போனில் மணி பார்த்தேன். மூன்று ஐம்பத்தெட்டு. வெள்ளை வண்டி ஆஸ்பத்திரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது, ஸ்ட்ரெச்சர் தரையில் இருந்தது, இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொந்தக்காரர்கள்கூட அப்படி ஒருநாளும் எனக்காகக் காத்து நின்றதில்லை.

நான்கு மணிக்கு வண்டி கிளம்பியது. என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். பின்னால் நர்ஸ் உரக்க ஏதோ சொன்னார், டிரைவர் வேகத்தைக் குறைத்தார், மெஷின் ஒன்று கூவியது. ‘4.02 – இதயத் துடிப்பு நின்றது. 4.04 – துடிப்பு திரும்பியது.’ இது பிறகு எனக்குக் கொடுத்த ஆம்புலன்ஸ் குறிப்புத் தாளில் இருந்தது. அந்த இரண்டு நிமிடமும் நான் முன்னால் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, “ஒண்ணுமில்ல.” அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

அவர் வீடு திரும்பி மூன்று வாரம் கழித்து, கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று நல்ல தடித்த துணியில் நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்து எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு அதைவிட வேறென்ன கொடுப்பது?

தரைத்தளத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும் முற்றத்தைப் பார்த்த சின்ன அறை. இரண்டு மேஜை, நாலு போன், ஒரு சுவர்க்கடிகாரம். பக்கத்து மேஜைக்காரர் போனைப் பார்த்துக்கொள்ள, எப்ப அக்கா எழுந்து வந்தார். ஒல்லியான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. நான் யாரென்று சொன்னேன்.

“கதவுல எழுதின அம்மாவா?” முகமெல்லாம் சிரிப்பு. “பதினோரு வருஷமா இந்தக் கேள்விய கேக்கறேன். இருக்கும், ஒரு கால்மணி ஆயிருக்கும், இப்பத்தான், அப்பவேன்னு சொல்வாங்க. மூணு பத்துன்னு பட்டுனு சொன்னது நீங்க ஒருத்தர்தான். எனக்கு ஒரு செகண்டு பேச்சே வரல.”

“நான் உங்கள ரொம்பப் பேசிட்டேன்.”

“அது என்ன பேச்சு. திட்டறவங்கள்லாம் நல்லவங்கம்மா. பதில் வந்துக்கிட்டே இருக்கும். சத்தமே இல்லாம இருக்கறவங்களோடதான் கஷ்டம்.” மெத்தையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரிசு வாங்கக் கூடாதுன்னு இங்க விதி.” பிறகு அதை நாற்காலியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். “உக்காந்துட்டா யாருக்கும் தெரியாது.”

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். அவர் மேஜைக்கு மேல் ஐந்து தையல் டேப்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, படுக்கைவாட்டில் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் குண்டூசிகள், சின்னச் சின்னச் சீட்டுகள். என் தொழில் அங்கே என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

“ஆஸ்பத்திரியிலேருந்து போற அஞ்சு ரோடு,” என்றார். “ஒரு அங்குலம் ஒரு கிலோமீட்டர். பூஜ்யம் நம்ம வாசல். இது உங்க ரோடு. சரியா அறுபதுல உங்க தெரு.” இருபத்தெட்டில் ஒரு சிவப்புக் குண்டூசி இருந்தது: பெட்ரோல் பங்க். இருபத்தைந்தில் எடைமேடை. முப்பத்தாறில் பள்ளிக்கூட வாசல். வண்டி திரும்ப இடமிருக்கும் புள்ளிகளுக்கு மட்டுமே குண்டூசி.

நான் நன்றி சொல்ல வந்தவள். இருந்தாலும் தொழில் புத்தி விடுமா? “பழைய டேப்பு. இழுத்து ஒட்டியிருக்கீங்க, ஒரு அங்குலம் நீண்டிருக்கும்,” என்றேன்.

“நீளட்டுமே. ரோடும் அதோட சேந்து நீண்டுருது,” என்றார். நாலாவது ரோடு நீளமானது என்று இரண்டு டேப்களைச் சேர்த்துத் தைத்திருந்தார். அந்தத் தையலைப் பார்த்ததும் எனக்கே நெஞ்சு வலித்தது. கழற்றிக் கொடுங்கள், தைத்துத் தருகிறேன் என்றேன்.

போன் ஓய்ந்திருந்த நேரங்களில் அவர் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்றவர். இரண்டு முறையும் ரயில் கணக்குதான். “ரெண்டு ரயிலும் ஒரே நேரத்துல கிளம்புதுன்னு போட்டிருந்தாங்க. எந்த ஊர்ல ரெண்டு ரயில் ஒரே நேரத்துல கிளம்பியிருக்கு? பொய்க் கணக்குக்கு நான் ஏன் பதில் எழுதணும்னு விட்டுட்டேன்.” பேனாவை வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் விசாரணைக் கவுண்டர் வேலைக்குப் போனார். பதினைந்து வருடம், எந்த பஸ் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அட்டவணையைப் பார்த்துச் சொன்னால் திட்டு விழும். முந்தின ஊரிலிருந்து எப்போது கிளம்பியது என்று விசாரித்துச் சொன்னால் சரியாக இருக்கும். அங்கே பிடித்த கேள்விதான் இது.

ஆஸ்பத்திரி வேலைக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும் என்றார்கள். முப்பத்தெட்டு வயதில், மகள் பரீட்சை எழுதிய அதே வருடம் இவரும் எழுதினார். “மூணாவது தடவ வந்த கணக்குல ஒரு ரயில் ஒரு மணி நேரம் தாமதமாக் கிளம்பிச்சு. அப்பாடா, இவங்களுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குன்னு உக்காந்து போட்டேன்.” மகளுக்கு இவரைவிட முப்பது மதிப்பெண் அதிகம். இன்றுவரை வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லையாம்.

அவர் சேர்ந்தபோது கன்ட்ரோல் ரூமில் ஒரே விதிதான்: நோயாளி வீட்டில் இருக்க வேண்டும், வண்டி போய் ஏற்றிக்கொள்ளும். ஆனால் வீட்டு ஆட்கள் கேட்டால்தானே. பாதிப் பேர் போன் செய்யும்போதே ரோட்டில் இருப்பார்கள். இவரே மேற்பார்வையாளரிடம் போய், எதிரும் புதிருமாக வருகிற இரண்டு வண்டியை நடுவில் சேர்த்துவிடலாம் என்று சொன்னார். “நாம என்ன பாலமா கட்டறோம்? போன் எடுக்கறோம்,” என்றார் அவர். ஆனாலும் தலையாட்டினார்.

நாலாவதோ ஐந்தாவதோ தடவை, ஒரு தச்சர். பக்கவாதம். வண்டியை ஓட்டி வந்த மருமகன் எண்பதில் வருவதாகச் சொன்னார். இவர் நம்பிக் கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னார். ஆம்புலன்ஸ் போய்ப் பத்து நிமிடம் நின்றது. யாரும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தாண்டிப் போயிருப்பார்கள் என்று நினைத்து வண்டி திரும்பிவிட்டது. பிறகு வந்து சேர்ந்த குடும்பம் காலியான இடத்தைப் பார்த்து நின்றது. அவர்கள் வந்தது எண்பதில் இல்லை, ஐம்பதில்.

“பொழச்சுட்டார். வலது கை மட்டும் வரல,” என்றார் எப்ப அக்கா. “தச்சருக்கு வலது கைன்னா என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மருமகன் போன் பண்ணிக் கத்தினார். நான் கேட்டுக்கிட்டேன். அவர் பொய் சொன்னார்னு நான் சொல்லல. அந்த நேரத்துல எல்லாரோட வண்டியும் எண்பதுலதான் போகும். அத நம்பினது என் தப்பு. கணக்கு தப்பில்ல, நான் உள்ள போட்ட எண்ணு தப்பு.”

மேற்பார்வையாளர் அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டார். இவர் ஆறு வாரம் விடாமல் அவர் அறைக்குப் போய் நின்றார். வேகத்தை யாரிடமும் கேட்டு நம்புவதில்லை, கிளம்பிய நேரத்தையும் இப்போது தாண்டுகிற கல்லையும் வைத்து நாமே கண்டுபிடிப்பது என்று எழுதிக் கொடுத்தார். தான் சொல்கிறவரை ஆம்புலன்ஸ் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது என்றும் எழுதினார். “உடும்புப் பிடியாப் புடிச்சு விட மாட்டேங்கறியே,” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். அந்தக் கையெழுத்துக்கு நான் எங்கே போய் நன்றி சொல்வது?

“எங்களுக்கு எப்படிப் போட்டீங்க? காட்டுங்க,” என்றேன்.

ஒரு தாளை எடுத்தார். “மூணு பத்துலேருந்து மூணு இருபத்தஞ்சு. பதினஞ்சு நிமிஷம். அறுபதாம் கல்லுலேருந்து அம்பதாம் கல்லு, பத்து கிலோமீட்டர். அப்ப மூணு நிமிஷத்துக்கு ரெண்டு கிலோமீட்டர். எங்க வண்டி மூணு நிமிஷத்துக்கு மூணு. நடுவுல அம்பது கிலோமீட்டர் இருக்கு. எத்தனை மூணு நிமிஷம் ஆகும்னு தெரியாது. தெரியாததுக்கு x.”

3x + 2x = 50 என்று எழுதினார். “அஞ்சு x அம்பது. x பத்து. பத்து மூணு நிமிஷம், அரை மணி.” இடது கை விரலைப் பூஜ்யத்தில் வைத்தார், வலது கை விரலை ஐம்பதில். ஒரு விரல் மூன்று அங்குலம் நகர்ந்தால் இன்னொன்று இரண்டு அங்குலம். இரண்டும் முப்பதில் முட்டிக்கொண்டன. “ஆனா முப்பதுல வண்டி திரும்ப எடமில்ல. நம்ம பக்கம் ரெண்டு அங்குலம் தள்ளி, பங்க். எங்க வண்டி முதல்ல வந்து தயாரா நிக்கும். நீங்க இருபத்திரெண்டு கிலோமீட்டர் வரணும், முப்பத்து மூணு நிமிஷம். மூணு அம்பத்தெட்டு.”

எனக்குப் புரிந்தது. நாற்பத்தொன்பது வயதில், முதல் முறையாக, அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. உடனே ஒன்று உறைத்தது.

“நான் அறுபதுன்னு சொன்னேனே. அத நம்பியிருந்தா?”

அவர் பேனாவை மூடினார். “அந்தக் கணக்கு நமக்கு எதுக்கும்மா? அவர் எப்படி இருக்கார், நடக்கறாரா, அதச் சொல்லுங்க.” நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது நாலாவது ரோட்டைக் கழற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்தார். காகிதத்தில் ஆபீஸ் எண்ணையும் எழுதித் தந்தார், அவசர எண்ணில் கூப்பிடக் கூடாது என்று.

வீட்டுக்கு வந்து அந்தத் தையலைப் பிரித்து ஒழுங்காகத் தைத்தேன். அது அரைமணி வேலை. மறுநாள் மத்தியானம்வரை மனது வேறெதிலும் ஓடவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அளந்து வெட்டுகிற எனக்குச் சாண் வேறு, முழம் வேறு. அளக்காமல் விட்ட துணி கண்ணெதிரே கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது. என் டேப்பை எடுத்தேன்.

“ஏங்க, இந்த முனையக் கொஞ்சம் புடிங்க.”

அவர் மெஷினை விட்டு எழுந்து வந்து, வெட்டும் மேஜையின் அந்தக் கோடியில் நின்று, அறுபதாம் அங்குலத்தைப் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆள் இல்லை.

துணியில் கோடு போடும் சாக்கால் மேஜையிலேயே எழுதினேன். அறுபதில் வருவதாக எப்ப அக்கா நம்பியிருந்தால், எங்கள் வேனும் மூன்று நிமிடத்துக்கு மூன்று. 3x + 3x = 50. ஆறு x ஐம்பது. x எட்டேகால் சொச்சம், இருபத்தைந்து நிமிடம். இரண்டு வண்டியும் இருபத்தைந்தாம் கல்லில் சேர வேண்டும். சுவரில் அந்த இடத்தில் எடைமேடை என்று குண்டூசி இருந்ததே, அங்கேதான் வரச் சொல்லியிருப்பார். ஆம்புலன்ஸ் மூன்று ஐம்பதுக்கே வந்து எடைமேடையில் நின்றிருக்கும். நாங்கள் பங்க்கை நிறுத்தாமல் தாண்டிப் போயிருப்போம். எங்கள் வேன் நிஜத்தில் போனது நாற்பதில். ஐம்பதிலிருந்து இருபத்தைந்துக்கு வர முப்பத்தேழரை நிமிடம். மூன்று இருபத்தைந்தோடு கூட்டினேன்.

நான்கு மணி இரண்டரை நிமிடம்.

ஆஸ்பத்திரித் தாளை மேஜை டிராயரிலிருந்து எடுக்கத் தேவையில்லை. அந்த எண் எனக்கு மனப்பாடம். நான்கு இரண்டுக்கு என் வீட்டுக்காரர் பால் வேனின் பின்னால், என் மடியில், ஒரு மெஷினும் ஒரு நர்ஸும் இல்லாமல், எடைமேடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்திருப்பார். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு அதுதான் விடை. அந்தப் பெண்மணிக்கு அந்த விடை அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதை எனக்குக் காட்டக் கூடாது என்றுதான் பேனாவை மூடியிருக்கிறார்.

ஆபீஸ் எண்ணுக்குப் போன் செய்தேன். அவரே எடுத்தார்.

“நான்தாங்க, கதவுல எழுதினவ. அந்தக் கணக்கப் போட்டுப் பாத்தேன்.”

அந்தப் பக்கம் பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “எவ்வளவு வந்துச்சு?” என்றார்.

“நாலு ரெண்டரை.”

“சரியாத்தாம்மா போட்டிருக்கீங்க,” என்றார், மெதுவாக.

“நீங்க எங்க பொய்ய நம்பாததுக்கு...” என்று ஆரம்பித்தேன். வேண்டாத நேரத்தில் ஏசத் தெரிந்த வாய்க்கு நன்றி சொல்லத் தெரியவில்லை.

“நீங்க கதவுல எழுதினீங்களேம்மா. அது நெஜம். அத வச்சுத்தான் போட்டேன்,” என்றார். “டேப்பு தச்சாச்சா? நாலாவது ரோடு இல்லாம இங்க சுவரு மொட்டையா இருக்கு.”

நாளைக்குக் கொண்டுவந்து நானே ஒட்டித் தருகிறேன் என்றேன். வைத்துவிட்டார், அடுத்த போன் அடித்திருக்கும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மேஜையின் அந்தக் கோடியில் என் வீட்டுக்காரர் டேப்பின் முனையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“இன்னும் புடிக்கணுமா?” என்றார்.

“கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டே இருங்க,” என்றேன்.